முப்பதுன்னா நாப்பத்தஞ்சு

ஒட்டன்சத்திரம் வரைக்குங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் எறங்கோணும். அந்தப் பையைக் குடுங்க, மேல வச்சர்றேன். வெங்காய வாசம் அடிக்குதே, மண்டிக்காரருங்களா? ஓ, வெதை வெங்காயம் தரம் பார்க்கறவரே நீங்கதானுங்களா? பார்த்தீங்களா, ஆண்டவனாப் பார்த்துக் கொண்டாந்து பக்கத்துல உக்கார வச்சிருக்கான். உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கோணுமுங்க. எடுத்ததும் கேட்டா என்னைக் கிறுக்கன்னு நெனைச்சுக்குவீங்க. அதனால நடந்ததைச் சொல்லீட்டுக் கேக்கறேன். கள்ளிமந்தையம் தாண்டறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

என்ற பேரு ராக்கியண்ணன். செம்மங்காட்டுப்புதூருன்னு தாராபுரத்துப் பக்கத்துல சின்ன ஊரு, நீங்க கேள்விப்பட்டிருக்கமாட்டீங்க. நாலு ஏக்கர் தோட்டம் இருக்குது. வரப்புக்கு அக்கட்ட ரெண்டு ஏக்கர் என்ற தங்கச்சி மயிலாத்தாளுது. எங்கப்பா சாகறதுக்கு முன்னால பிரிச்சுக் குடுத்தது. கெணறு மட்டும் பொது, மொறை வச்சு எறைச்சுக்கறோம். இப்ப வைகாசிப் பட்டத்துக்கு வெதை வெங்காயம் வாங்கத்தான் போறேன். ஆனா வெதை வாங்கறது மட்டுமில்லீங்க காரியம். இந்தப் பட்டத்துல என்ற தங்கச்சி புருசனை ஒரு வழி பண்ணாம விடறதில்லைன்னு இருக்கேன். நல்லசிவம்னு பேரு. அவனுக்கு அந்தப் பேரை வச்ச ஆளு யாருன்னு தெரிஞ்சா ஒரு நாளு போயிக் கேக்கோணும்.

எங்க ஊரு வழக்கத்தைச் சொன்னாத்தான் அவன் பண்ணுன துரோகம் உங்களுக்கு வெளங்கும். எங்க ஊருல எவனும் வெளைச்சலை உள்ளபடி சொல்லமாட்டான். சொன்னாக் கண்ணு பட்டுரும். ஏக்கருக்குத் தொண்ணூறு மூட்டை வெங்காயம் எடுத்தவன் அறுபதுன்னுதான் சொல்லுவான், அதையும் பல்லு வலிக்காரனாட்ட மொகத்தை வச்சுக்கிட்டுச் சொல்லுவான். கேக்கறவனும் நம்பமாட்டான். சொன்னதுல பாதியை மேல போட்டுக்கணும், அதுதான் எங்க கணக்கு. இருபதுன்னா முப்பது. முப்பதுன்னா நாப்பத்தஞ்சு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றதில்ல, ஆனா எங்க ஊருல பொறந்த எல்லாத்துக்கும் தெரியும். என்ற ஊட்டுக்காரி ருக்மணி பெத்த தாய்கிட்டப் போன்ல பேசறப்பக் கூடக் கொறைச்சுத்தான் சொல்லுவா. அந்தம்மா அங்க உக்காந்து கூட்டிக்கும். விவசாய ஆபீசரு வந்து கேட்டாலும் அதேதான். அவரு பாவம் எழுதீட்டுப் போவாரு. அவரு எழுதுனதைப் பார்த்தா எங்க ஊருல பத்து வருசமா எவனும் சோறு திங்கலைன்னு ஆகும்.

இதுல பொய்யின்னு ஒண்ணு இருக்குதுங்களா? சொல்றவனுக்கும் தெரியும், கேக்கறவனுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது எப்படிப் பொய்யாகும்? அது ஒரு மரியாதை.

இந்த ஊருக்குள்ளதான் நல்லசிவம் வந்து எறங்குனான். உடுமலைப் பக்கம் ஒரு நூல்மில்லுல இருந்தவன். மில்லைச் சாத்தீட்டாங்க. பொண்டாட்டியோட காடு சும்மாதான கெடக்குதுன்னு பொட்டி படுக்கையோட வந்துட்டான். நானும் வரட்டும்னுதான் நெனைச்சேன், பொய் சொல்லல. தங்கச்சி பக்கத்துல இருந்தா நல்லதுதான? ஏர் ஓட்டத் தெரியாது, மம்முட்டி புடிக்கத் தெரியாது, வாய்க்காலைக் கட்டச் சொன்னா தண்ணியைத் தன் காலுக்கு மேல உட்டுக்கிட்டு நிப்பான். நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன், ஊருக்குள்ள எப்படிப் பேசறதுன்னு மட்டும் சொல்லிக் குடுக்கல. அது சொல்லிக் குடுக்கற விசயம்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

மொத வருசம் மக்காச்சோளம் போட்டான். தங்கமுத்து டீக்கடையில எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, மாப்ள சோளம் எப்படின்னு கேட்டேன். ஏக்கருக்கு முப்பது மூட்டைங்க மச்சான்னான். மொகத்துல ஒரு வலியுமில்ல, சிரிச்சுக்கிட்டே சொன்னான். நான் கூட்டிப் பார்த்தேன். நாப்பத்தஞ்சு. புதுசா வந்தவன், மம்முட்டி புடிக்கத் தெரியாதவன், நாப்பத்தஞ்சு எடுத்திருக்கான். அப்ப என்ற நெலத்துல, என்ற கைக்கு, எவ்வளவு வரோணும்? கடையில இருந்த எல்லாரும் மனசுக்குள்ள கூட்டறது எனக்குத் தெரிஞ்சுது. பொன்னுக்குட்டின்னு ஒருத்தன், எனக்கு எதுத்த தோட்டம், அவன் டீ ஆறறது கூடத் தெரியாம உக்காந்திருந்தான்.

அந்த ஐப்பசிக்கு நான் நாலு ஏக்கரும் சோளம் போட்டேன். அதுவரைக்கும் எங்கப்பன் காலத்துல இருந்து ஐப்பசின்னா வெங்காயந்தான். ருக்மணி வேண்டாமுன்னா. வெங்காயத்தை உடாதீங்க, ரெண்டு ஏக்கராவது போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல. எப்படிக் கேப்பேன்? வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் நாப்பத்தஞ்சு எடுக்கறப்ப நான் இந்தப் பக்கம் வெங்காயத்தை நட்டுக்கிட்டு வேடிக்கை பார்க்கறதுங்களா?

அறுத்துப் பார்த்தா ஏக்கருக்கு முப்பது மூட்டை. ஒரு மூட்டை கூடவும் இல்ல, கம்மியும் இல்ல.

அந்த வருசந்தான் வெங்காயம் வெலை ஏறிப் போச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, உங்க மண்டியில வண்டி வந்து நின்னதும் சண்டை போட்டு ஏலம் எடுத்தாங்க. எதுத்த தோட்டத்துப் பொன்னுக்குட்டி வெங்காயம் வித்து ஊட்டுக்கு மாடி எடுத்துட்டான். நான் சோளத்தட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். வயிறு எரிஞ்சுதுங்க. நேரா மாப்ளகிட்டப் போனேன். வாய்க்கா ஓரத்துல நின்னான். என்ன மாப்ள, அன்னைக்குக் கடையில எத்தனைன்னு சொன்னீங்கன்னு கேட்டேன்.

"முப்பதுங்க மச்சான்."

"எத்தனை எடுத்தீங்க?"

"முப்பதுதானுங்க மச்சான்."

என்ன தைரியம் பாருங்க. கொஞ்சமாவது மொகம் மாறோணுமில்ல? கொழந்தையாட்ட நின்னான். முப்பது எடுத்தவன் இருபதுன்னுதான சொல்லோணும்? இருபதுன்னு சொல்லியிருந்தா நான் சோளத்துப் பக்கமே போயிருக்கமாட்டேனே. அத்தனை பேரு முன்னால உள்ளதை உள்ளபடி சொல்லி என்ற தலையில மண்ணை வாரிப் போட்டுட்டான். இதைப் பொன்னுக்குட்டிகிட்டச் சொன்னா அவன் சிரிக்கறான். ருக்மணிகிட்டச் சொன்னா அவ எந்திரிச்சுப் போயிட்டா. நீங்களே சொல்லுங்க, இது ஏமாத்து வேலை இல்லாம வேற என்ன?

சரி, பேசாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். எந்த வழியில எனக்கு அடி குடுத்தானோ அதே வழியில திருப்பிக் குடுக்கோணும். அடுத்து வந்த வைகாசிக்கு நான் வெங்காயம் நட்டேன். ஆடிச் சாரல் புடிச்சுக்கிட்டு உடல, திருகல் நோய் வந்துருச்சு. உங்களுக்குச் சொல்லோணுங்களா அதைப் பத்தி? தாளெல்லாம் முறுக்கிக்கிட்டு, மஞ்சப் பூத்து, கழுத்து நீண்டு போயி... பார்க்கவே முடியாது. ஏக்கருக்கு நாப்பது மூட்டை தேறுச்சு. வேற யாரா இருந்தாலும் படுத்திருப்பான். எனக்கு ஒரு பக்கம் சந்தோசம். இந்த நாப்பதை வச்சுத்தான் அவனைக் கவுக்கறதுன்னு நெனைச்சேன்.

ஆனா அவன் ஒரு தினுசான ஆளுங்க. கூட்டத் தெரியாது, கழிக்கத் தெரியாது. சொன்னதை அப்படியே எடுத்துக்குவான். அதனால அவனுக்கு மட்டும் ஒரு கணக்கு வச்சேன். கடையில அவன் இருக்கறப்பப் பார்த்து, இந்தத் தடவை வெங்காயம் ஏக்கருக்கு எண்பதுன்னு சத்தமாச் சொன்னேன். அவன் கண்ணு விரிஞ்சுது. மச்சானுக்கு நல்லா வந்திருக்குதுன்னு மனசாரச் சந்தோசப்பட்டான். சந்தோசப்படு, வெங்காயத்தை நடு, திருகல் வந்து முறுக்கறப்பத் தெரியும்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஒண்ணை மறந்துட்டனுங்க. அந்தக் கடையில அவன் ஒருத்தன் மட்டும் உக்காந்திருக்கல.

எண்பதுன்னா எங்க ஊருக்கு நூத்தியிருபது. ராக்கியண்ணனுக்கு ஏக்கருக்கு நூத்தியிருபதுன்னு அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊரெல்லாம் பரவிப் போச்சு. ஐப்பசிக்கு ஒருத்தன் பாக்கியில்லாம வெங்காயம் நட்டாங்க. கத்திரி போடறவன், மொளகா போடறவன், மாட்டுக்குச் சோளத்தட்டு போடறவன், எல்லாரும். அப்புறம் வெலை உளுந்துதுன்னா அதுக்கு நானா பொறுப்பு? நான் ஒருத்தனுக்குச் சொன்னதை ஊரே எதுக்குக் காது குடுத்துக் கேக்கோணும்?

இன்னொரு சிக்கல். எண்பது எடுத்தேன்னு சொன்னவன் அடுத்த பட்டத்துக்கு வேற பயிரு போட முடியுங்களா? அவனுக்குச் சந்தேகம் வந்துருமே. அதனால நானும் வெங்காயமே நட்டேன். அதே காட்டுல. வெதையும் அந்தத் திருகல் வந்த வெங்காயந்தான், வெதைக்குன்னு பட்டறை போட்டுச் சேத்து வச்சிருந்தேன். எண்பது எடுத்தவன் வெளிய வெதைக்கு அலைஞ்சா நல்லா இருக்காது பாருங்க.

அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? ஆபீசரைப் போயிப் பார்த்திருக்கான். எங்காளுக ஆபீசரைக் கண்டா ஓடி ஒளிவாங்க. இவன் போயி, சோளத்துல முப்பது எடுத்தேன், மண்ணு இப்படி, தண்ணி இவ்வளவுதான்னு பூராத்தையும் கொட்டியிருக்கான். அந்தாளுக்கு எங்க ஊருல மொத தடவையா ஒருத்தன் உண்மையைச் சொல்றான். சும்மா இருப்பாருங்களா? நேராக் காட்டுக்கே வந்துட்டாரு. ஒரு ஏக்கர் மட்டும் வெங்காயம் போடு, இன்னொண்ணுல கத்திரி போடுன்னுட்டாரு. வெதையை மருந்துல நனைச்சு நெழல்ல ஒணத்தி நடச் சொல்லியிருக்காரு. நான் வரப்புல நின்னு பார்த்தேன், மயிலாத்தாளும் அவனும் சாக்கை விரிச்சு வெங்காயத்தை ஒண்ணொண்ணாத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. மில்லுல நூல் கோனு அடுக்குன புத்தி.

கார்த்திகை மாசம் ஒரு நாளு வெடியால மாப்ள வரப்பைத் தாண்டி வந்தான். மச்சான், வாய்க்கா ஓரத்துல நாலு பாத்தி திருகுதுங்க, இன்னைக்கே புடுங்கிப் போட்டு மருந்தடிச்சா மீதி தப்பிச்சுக்கும், நானும் வர்றேன், ரெண்டு பேரும் சேர்ந்து புடுங்கீர்லாம்னான். நான் அவன் மொகத்தையே பார்த்தேன். எப்படிப்பட்ட ஆளு பாருங்க. என்ற பயிரை என்ற கையாலயே புடுங்க வைக்கறதுக்கு வந்து நிக்கறான். நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். அதெல்லாம் எனக்குத் தெரியும் மாப்ள, நீங்க உங்க காட்டைப் பாருங்கன்னு சொல்லி அனுப்பீட்டேன். ஒரு தாளைக் கூடத் தொடல.

பத்து நாள்ல நாலு ஏக்கரும் முறுக்கிக்கிச்சு.

இப்ப யோசிச்சுப் பார்த்தா அவனோட தந்திரம் வெளங்குதுங்க. அவன் சொன்னா நான் நம்பமாட்டேன்னு அவனுக்குத் தெரியும். நம்பமாட்டேன்னு தெரிஞ்சேதான் உண்மையை வந்து சொல்லியிருக்கான். இப்படிக் கூட ஒருத்தன் கெடுதல் பண்ணுவானுங்களா?

ஏக்கருக்கு இருபத்தஞ்சு மூட்டை. நாலு ஏக்கருக்கும் சேர்த்து ஒரு வண்டி நெறையல. ஏத்தறதுக்கு ஆளு கெடைக்கல, ஊரெல்லாம் ஒரே சமயத்துல வெங்காயம் புடுங்குது. கூப்பிடாமயே மாப்ள வந்தான். சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுச் சாயந்தரம் வரைக்கும் மூட்டை தூக்கி ஏத்துனான். வேண்டாமுன்னு சொல்லியிருக்கோணும். முதுகு வலி, அதனால உட்டுட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தானுங்க என்னால மறக்கவே முடியல.

கடையில உக்காந்திருக்கோம். ஊரே இருக்குது. எல்லாருக்கும் வெலை உளுந்த கோவம், எம்மேல. பொன்னுக்குட்டி வேணும்னே கேக்கறான், என்னண்ணா இந்தத் தடவை எத்தனைன்னு. நான் என்ன சொல்லட்டும்? வழக்கப்படி கொறைச்சுச் சொன்னாப் பதினஞ்சு, அப்படிச் சொல்ல வாயி வருங்களா? அம்பதுன்னேன். அம்பதுன்னா அவங்க எழுபத்தஞ்சுன்னு எடுத்துக்குவாங்க, மானம் மிஞ்சும், பேச்சு அத்தோட முடிஞ்சிரும்னு நெனைச்சேன். முடிஞ்சும் போச்சு. பொன்னுக்குட்டி தலையை ஆட்டிக்கிட்டு டீயைக் குடிக்கறான். அப்பப் பெஞ்சுக் கடைசியில இருந்து ஒரு சத்தம்.

"இல்லீங்க மச்சான், இருபத்தஞ்சுதானுங்க வந்துச்சு. நாந்தானே ஏத்தி உட்டேன், நீங்க மறந்துட்டீங்க."

சிரிக்கலீங்க அவன். எனக்கு ஞாபகம் தப்பிப் போச்சுன்னு நெனைச்சு, நிசமாவே எடுத்துக் குடுக்கறான். அதோட உட்டானா? உங்களுது எத்தனை மாப்ளன்னு பொன்னுக்குட்டி கேக்கறான். எழுபதுங்கன்னுட்டான். கூட்ட வேண்டியதில்லாம முழுசா எழுபது. கடையே சிரிச்சுது. தங்கமுத்து அடுப்பை உட்டுட்டு வந்து சிரிக்கறான். என்ற அறுபது வருசத்துல எம்மேல ஒருத்தன் கை வச்சதில்லீங்க. அன்னைக்கு அத்தனை பேரு முன்னால வேட்டியை உருவுனாப்பல நின்னேன்.

அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஊட்டுக்குள்ள உக்காந்தா அந்தச் சத்தம் கேக்குது, நீங்க மறந்துட்டீங்கன்னு. காட்டுக்குப் போனா வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் கத்திரி காச்சுத் தொங்குது. பங்குனியில தண்ணி கொறைஞ்ச சமயம். அவன் மொறை அன்னைக்கு மோட்டார் ரூம்புல ப்யூசைப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டு மூலனூர் சந்தைக்குப் போயிட்டேன். பொழுது எறங்கித்தான் வந்தேன். கத்திரி வாடிக் கெடக்குமுன்னு வந்து பார்த்தா, பாத்தியெல்லாம் தண்ணி நிக்குது. லைன்மேனைக் கூட்டியாந்து பார்த்து, புது ப்யூசு வாங்கிப் போட்டு எறைச்சிருக்கான். மறுநா ஊட்டு வாசல்ல வந்து நிக்கறான், கையில இன்னொரு ப்யூசு. மச்சான், யாரோ ப்யூசைத் திருடறாங்க, உங்க மொறையில தூக்கிட்டா நீங்க சிரமப்படுவீங்க, இதை வச்சுக்கோங்கன்னு குடுக்கறான். ருக்மணி வாங்கி வச்சா. என்ற மடியில இருந்ததை அவ காலையிலேயே பார்த்துட்டா.

இவனை என்ன பண்ணறதுன்னு சொல்லுங்க. திட்டுனா வாங்கிக்கறான். அடிச்சாலும் அடி பட்டது தெரியாது. எதுக்கும் திருப்பி அடிக்கமாட்டேங்கறான். திருப்பி அடிச்சான்னா நான் எப்பவோ உட்டுத் தொலைச்சிருப்பேன்.

இப்ப போன வாரம் மயிலாத்தா வந்தா. ரெண்டு மாசமா ஊட்டுப் பக்கம் வராதவ. கையில சாக்குக் கட்டு. உள்ள வரல, வாசல்லயே நின்னுக்கிட்டா. ருக்மணி தண்ணி கொண்டாந்து குடுத்தா, வாங்கிக் குடிச்சா. என்னை நேராப் பார்த்தா.

"அண்ணா, வைகாசிக்கு வெதை வாங்க நீ ஒட்டன்சத்திரம் போவியாமா. எங்களுக்கும் நீயே வாங்கியாந்துரு. அவருக்கு வெதை பார்க்கத் தெரியாது. மச்சானாட்ட வெதை பார்க்கற ஆளு இல்லைன்னு அவருதான் சொல்லி உட்டாரு."

நான் அவ கையில இருந்த சாக்கைப் பார்த்தேன். அவளே பேசறா.

"வெங்காயம் வெலை உளுந்ததுல கையில ஒண்ணும் நிக்கல, இந்த ஒரு பட்டந்தாண்ணா. இதுவும் செரியா வரலைன்னா காட்டைக் குத்தகைக்கு உட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிர்லாம்னு இருக்கோம். எப்படிப் பேசறதுன்னு தெரியாம ஊருக்குள்ள அவரால இருக்க முடியல. உனக்கு எதை எடுக்கறியோ அதையே எங்களுக்கும் எடு. ரெண்டு காட்டுலயும் ஒரே நாள்ல நட்டுக்கலாம்."

சொல்லீட்டுச் சாக்கைப் படியில வச்சுட்டுப் போயிட்டா. அழுகல. அழுதிருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும். என்ற கையப் புடிச்சு நடந்த புள்ளைங்க அது. வெங்காயம் ஆயறதுக்குப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா, சொத்தையை எடுத்து எம்பக்கம் தள்ளீட்டு நல்லதை அவ பக்கம் வச்சுக்குவா. அவ என்னை நம்பித்தான் வந்தாளா, இல்ல எல்லாம் தெரிஞ்சு வந்தாளான்னு ஒரு வாரமாப் பொரண்டு பொரண்டு படுக்கறேன். தெரிஞ்சுதான் வந்திருக்கோணும். கழுத்தை நீட்டீட்டு, வெட்டறதுன்னா வெட்டுன்னு சொன்னாப்பல இருந்துச்சு.

ருக்மணி காலையில சாக்கை எடுத்துக் குடுக்கறப்ப ஒரே வார்த்தைதான் சொன்னா. நல்ல வெதையா வாங்குங்க, அவ்வளவுதான். நல்ல வெதை வாங்கலாமுங்க. எனக்குத் தெரியாதா? ஆனா அதுல இருக்கற ஆபத்து அவளுக்குத் தெரியல. இத்தனை நாளு நான் ஒண்ணு போட்டேன், அவன் ஒண்ணு போட்டான். வெதை வேற, மருந்து வேற, நேரம் வேறன்னு நாலு காரணம் சொல்லிக்கலாம். இப்ப ஒரே வெதை. ஒரே கெணத்துத் தண்ணி. ஒரே நாளு நடவு. நடுவுல ஒரு வரப்பு. அவன் வெங்காயத்தைத் திருப்பித் திருப்பி ஒணத்துவான், ஆபீசரைக் கூட்டியாருவான், நாலு பாத்தி திருகுனா அன்னைக்கே புடுங்குவான். நான் எழுபது எடுத்தா அவன் தொண்ணூறு எடுப்பான். எடுத்துட்டுச் சும்மா இருப்பானா? கடையில உக்காந்து, எனக்குத் தொண்ணூறு, மச்சானுக்கு எழுபதுன்னு உள்ளபடி சொல்லீருவான். மச்சான் வாங்கிக் குடுத்த வெதைன்னு அதையும் சேர்த்துச் சொல்லுவான். அதைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு நான் அந்த ஊருல இருக்கறதுங்களா? செத்துப் போயிருவேன்.

சரி, அவனுக்கு மட்டும் சொத்தையை வாங்கிட்டு எனக்கு நல்லதை வாங்கலாம்னு நெனைச்சேன். ஒரு நாளு முழுக்க நெனைச்சேன், மறைக்கறதுக்கென்ன. ஆனா மயிலாத்தா கையில எடுத்ததும் கண்டுக்குவா. கண்டுக்கிட்டும் ஒரு வார்த்தை பேசாம நடுவா. அவ அப்படி நடறதை வரப்புக்கு இந்தப் பக்கம் நின்னு என்னால பார்க்க முடியாதுங்க. அதுவுமில்லாமத் தங்கச்சி நம்பிக் குடுத்துவிட்ட சாக்கு. அதுல வஞ்சகம் பண்ணலாமா?

அதா கள்ளிமந்தையம் வந்துருச்சு. இப்ப உங்ககிட்டக் கேக்க வந்ததைக் கேட்டர்றேன். உங்க மண்டிக்குத் திருகல் வந்த காட்டு வெங்காயமும் வருமில்லீங்களா? நீங்க தள்ளி வைப்பீங்களே, வெதைக்கு ஆகாதுன்னு? அது எனக்கு வேணும். பார்க்கறதுக்கு நல்லாச் செவசெவன்னு, கெட்டியா, கையில எடுத்தாக் கூடச் சந்தேகம் வராத மாதிரி இருக்கோணும். நட்டப்புறந்தான் தெரியோணும். நல்ல வெதைக்கு என்ன வெலையோ அதையே குடுத்தர்றேன், எனக்குக் கொறைச்சுத் தர வேண்டாம்.

இல்லீங்க, அவனுக்கு மட்டுமில்ல. ஆறு ஏக்கருக்கும். என்ற நாலுக்கும் சேர்த்துத்தான். ரெண்டு காடும் ஒண்ணாத் திருகுனா அவன் கடையில எதைச் சொல்லுவான்? என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? எல்லாச் சாக்குலயும் ஒரே வெதையா இருக்கோணும், அதை மட்டும் நீங்களே கூட நின்னு பார்த்துப் போட்டுக் குடுத்துருங்க. என்ற பொறந்தவ கேட்டது அது ஒண்ணுதான். அவளுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரின்னு நான் எடுத்துட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க.